வெறும் குழி

போன மாசியில் ஒரு ராத்திரி ஒன்பது மணி இருக்கும். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் வருஷம் படிக்கிறவள். கையில் செல்போன், முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, பதினாலு மில்லிமீட்டர்!"

படத்தில் ஒரு பெட்ரித் தட்டு. வைக்கோல் நிற அகார்மேல் பாக்டீரியா, பாலில் ஆடை படிந்த மாதிரி மூடியிருந்தது. அதில் நான்கு குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் எதுவும் வளராமல் தெளிந்த வட்டம். மூன்று குழிகளில் அவள் எடுத்த செடிச் சாறு, நாலாவதில் ஜென்டாமைசின் மருந்து.

"என்ன செடி?"

"நஞ்சறுப்பான். சிப்காட் ரோட்டு வேலியில நெறைய படர்ந்திருக்குக்கா. ஆன்டிமைக்ரோபியல் வந்துடுச்சு. அடுத்து கேன்சர் செல்லுல போட்டுப் பாக்கணும்."

"வெறும் குழி எங்கே?"

"எதுக்கா?"

"சாறு ஊத்தாத குழி."

அவள் சிரிப்பு போன வேகத்தைப் பார்த்து, நாளைக் காலையில் கேட்டிருக்கலாமோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

நான் பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இருபத்தாறு வருஷமாக ரயிலேறுகிறவள். சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. தட்டில் ஒன்றும் முளைக்காமல் இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடுகிற ஜாதி நாங்கள். காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் நான் முதலில் எடுப்பது ஒன்றுமே வைக்காத தட்டைத்தான். அதில் ஏதாவது முளைத்திருந்தால் அன்றைக்கு மற்ற தட்டுகள் சொல்வதை எவரும் நம்ப முடியாது. எல்லாம் குப்பைக்கு, மறுபடி முதலிலிருந்து. இந்தப் பழக்கம் வீட்டிலும் வந்துவிட்டது. சாம்பாரில் உப்பு கூட என்று யாராவது சொன்னால், வெறும் பருப்பை எடுத்து ருசி பார்க்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் சாறு எடுப்பது என்றால் அம்மியில் அரைத்துப் பிழிகிற வேலை இல்லை. இலையை நிழலில் உலர்த்தி, தூளாக்கி, மெத்தனாலில் மூன்று நாள் ஊறப் போடுவார்கள். வடிகட்டி, மெத்தனாலை ஆவியாக்கினால் கடைசியில் மிஞ்சுவது தார் மாதிரி ஒட்டுகிற கரும்பச்சைப் பிசின். நூறு கிராம் தூளுக்கு இவளுக்கு எட்டு கிராம் பிசின் கிடைத்தது. அது தண்ணீரில் கரையாது. அதனால் டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தில் கரைக்கிறார்கள். எண்ணெயோடு சேருவதையும் தண்ணீரோடு சேருவதையும் ஒருசேரக் கரைக்கும் என்பதால் அதற்கு ஆய்வுக்கூடங்களில் தனி மவுசு. ஆனால் நீர்க்காமல் ஊற்றினால் டிஎம்எஸ்ஓவே கிருமியை அடக்கிவிடும். சரியாக ஆவியாகாமல் பிசினில் தங்கிவிட்ட மெத்தனாலும் அப்படித்தான். வட்டத்தைப் போட்டது செடியா, கரைத்த திரவமா என்று தெரிய வேண்டுமானால் அதே தட்டில் திரவத்தை மட்டும் ஊற்றிய குழி ஒன்று இருந்தாக வேண்டும். அதைத்தான் நான் வெறும் குழி என்கிறேன். படித்தவர்கள் நெகட்டிவ் கன்ட்ரோல் என்பார்கள்.

இவளை அதிகம் திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை. என்னுடைய எம்.எஸ்சி. ஆய்வு துளசி இலையைப் பற்றியது. தங்க எழுத்து பைண்டிங்கோடு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் ஒரு வெறும் குழி கிடையாது. மெத்தனால் எவ்வளவு மிச்சமிருந்தது என்று நான் பார்க்கவும் இல்லை. நான் அளந்து எழுதிய வட்டங்களில் துளசி போட்டது எத்தனை, மெத்தனால் போட்டது எத்தனை என்று இனிமேல் எந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது.

அடுத்தது அளவு. பிசினை மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று கரைத்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றியிருந்தாள். அப்படியானால் ஒரு குழிக்குள் 10 மில்லிகிராம். பக்கத்தில் ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு. ஆயிரம் பேர் சேர்ந்து தள்ளிய வண்டியையும் ஒருத்தர் தள்ளிய வண்டியையும் பக்கத்தில் நிறுத்தி, "இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம் போயிருக்கு" என்று எழுதினால் எப்படி? இப்படித்தான் பல ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன.

வட்டத்தின் அளவை வைத்து வீரியத்தைச் சொல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. அகார் என்பது ஈரமான ஜெல்லி. சிறிய, தண்ணீரோடு ஒத்துப்போகிற மூலக்கூறு அதில் தூரமாகப் பரவும். எண்ணெய்ப் பசையுள்ளது எவ்வளவு வீரியமானாலும் குழியை விட்டு நகராது. அதனால்தான் அடுத்த கட்டமாக 96 சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போவார்கள். 1000 மைக்ரோகிராம், 500, 250, 125 என்று. எந்தக் குழிவரை கிருமி தலைதூக்கவில்லையோ அதுதான் கணக்கு. ரெசாசுரின் என்ற நீலச் சாயத்தை விட்டால், உயிரோடு கிருமி இருக்கிற குழி இளஞ்சிவப்பாக மாறும். நூறு மைக்ரோகிராமுக்குக் கீழே நீலம் நீலமாகவே நின்றால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். ஆயிரத்தில்தான் நிற்கிறது என்றால் எழுந்து போய் டீ குடிப்பேன். காரணம் எளிது. ஒரு ஆளுக்கு ஐந்து லிட்டர் ரத்தம். மில்லிலிட்டருக்கு ஆயிரம் மைக்ரோகிராம் வேண்டுமென்றால், ரத்தத்தில் மட்டுமே ஐந்து கிராம் பிசின் ஒரே நேரத்தில் கரைந்து ஓட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு ஊத்துக்கோட்டைப் பக்கம் போனேன். காட்டில் மூலிகை எடுத்து விற்கிற இருளர் ஆயா ஒருத்தரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். வேலியிலிருந்து பறித்ததில் மிச்சமிருந்த இலைகளை இவள் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஆயா பிரித்துப் பார்த்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி இரண்டு குவியலாகத் தள்ளினார்.

"இது நஞ்சறுப்பான். இது ஒத்தாமணி. ரெண்டையும் ஒண்ணா பறிச்சிக்கினு வந்துகீறியே பாப்பா."

அவர் சொன்ன ஒத்தாமணியைப் புத்தகத்தில் உத்தாமணி என்றும் வேலிப்பருத்தி என்றும் போட்டிருப்பார்கள். இதயம் மாதிரி மென்மையான இலை, காயின்மேல் மிருதுவான முட்கள். நஞ்சறுப்பான் இலை கொஞ்சம் தடிப்பு. பூ சின்னது, இரண்டு காய்கள் எதிரெதிரே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே வேலியில் பின்னிக் கிடக்கும். ஆக அந்தப் பதினாலு மில்லிமீட்டருக்கு நஞ்சறுப்பான் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. இதற்காகத்தான் பூவோடு ஒரு கிளையைப் பேப்பருக்கு நடுவில் அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் இருக்கிற இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் மாதிரி ஓரிடத்தில் காட்டிப் பெயரை உறுதி செய்துகொண்டு, அந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்கிறார்கள். பத்து வருஷம் கழித்து ஒருத்தர் வந்து "எந்தச் செடியம்மா அது" என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு கிளையாவது இருக்கும்.

"ஆயா, இதைச் சாப்பிடுவாங்களா?"

"இத்த துன்னா குடலே வாயில வந்துடும். வெசத்த துன்னவனுக்கு எங்க தாத்தா காலத்துல குடுப்பாங்க. சும்மா கீறவன் ஏன் துன்றான்?"

பேருக்குக் காரணம் அதுதான். உள்ளே போன நஞ்சை வாந்தியாக வெளியே தள்ளுகிற கொடி. ஆயாவுக்கு இருநூறு ரூபாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம், இந்த அறிவிலிருந்து வியாபாரமாக ஏதாவது வந்தால் அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்கிறது. மாணவர்களின் ஆய்வேட்டிலோ அவர் "உள்ளூர்த் தகவலாளி" என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடுவார்.

ஊத்துக்கோட்டைக்குப் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தொழிற்பேட்டையைத் தள்ளி வளர்ந்த கொடி வேண்டும். சிப்காட் ரோட்டு வேலியில் நாள் முழுக்க லாரிப் புழுதி. சுற்றிலும் இரும்பு உருக்குகிற உலைகள், உருட்டாலைகள். இலையைக் கழுவினாலும் மண் வழியாக வேர் இழுத்துக்கொண்டதை என்ன செய்வது? ஈயம், காட்மியம், தாமிரம் எல்லாமே அளவு மிஞ்சினால் பாக்டீரியாவையும் கொல்லும், புற்றுச் செல்லையும் கொல்லும், நம்மையும் விடாது. மூலிகைப் பொருளில் கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை. தொழிற்பேட்டையை ஒட்டிப் பறித்த செடி தட்டில் நன்றாக வேலை செய்தால் சந்தோஷப்படுவதற்குமுன் உலோகத்தை அளந்து பார்க்கிறவர்கள் குறைவு. அவள் வேலியில் பறித்ததில் என்ன இருந்தது என்று நான் சொல்லவில்லை, அளக்கவில்லை. அளக்காததுதான் பிரச்சினை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள், "அப்போ நஞ்சறுப்பான்ல ஒண்ணும் இல்லையாக்கா?"

நிறைய இருக்கிறது, அதுதான் விசேஷம். இந்தக் கொடியைப் பற்றி உலகம் படித்த பாடங்களில் ஒரு முக்கியமான பகுதி சென்னையில் எழுதப்பட்டது. 1935இல் ரத்னகிரீஸ்வரன், வெங்கடாசலம் என்ற இருவர் இதிலிருந்து டைலோஃபோரின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தார்கள். அதன் அமைப்பைத் துருவிப் பார்த்தவர் டி.ஆர். கோவிந்தாச்சாரி. கடற்கரையைப் பார்த்து நிற்கிற மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அவரும் அவருடைய குழுவினரும் 1954இல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியின் இதழில் இந்தக் கொடியைப் பற்றி எழுதினார்கள். அதே 1954இல் அதே ஊரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அதே வருஷம்தான் புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிற சட்டமும் டெல்லியில் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் புற்றுநோய் இன்றைக்கும் இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு மட்டும் அது தெரியவில்லை.

டைலோஃபோரின் வகை மூலக்கூறுகளைக் கண்ணாடித் தட்டில் வளர்கிற புற்றுச் செல்கள்மேல் விட்டால் அசந்துபோவீர்கள். மைக்ரோகிராமெல்லாம் வேண்டாம், அதற்கும் எவ்வளவோ கீழே, நானோ அளவிலேயே செல்கள் வளர்ச்சியை நிறுத்திவிடும்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டில் அடிக்கடி வளர்ப்பது ஹீலா செல்கள். 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்தது. அந்த வருஷமே அவர் இறந்துவிட்டார். செல்கள் இன்றுவரை பெருகிக்கொண்டே இருக்கின்றன. இந்தியாவில் ஆய்வாளர்கள் இதுபோன்ற செல்களைப் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்குகிறார்கள். செல்கள்மேல் சாற்றை விட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் செத்துவிட்டது என்று கணக்கு. 1983இல் டிம் மாஸ்மன் கொடுத்த முறை. பாதி செல்களைக் கொல்ல எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதுதான் விடை. கச்சாச் சாறு மில்லிலிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் அந்த வேலையைச் செய்தால் மேலே தொடரலாம் என்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தை ஒட்டிப் பலர் வைத்துக்கொண்ட வரம்பு.

இங்கும் வெறும் குழி வேண்டும், ஒன்று போதாது. கரைப்பான் மட்டும் ஊற்றிய குழி ஒன்று. செல்லே இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் சேர்த்த குழி ஒன்று. ஏனென்றால் செடிச் சாற்றில் இருக்கிற சில பொருள்கள் செல்லின் உதவி இல்லாமலே மஞ்சளை ஊதாவாக்கிவிடும். அப்போது செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் வரும். மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம், ரொம்பப் பேர் விட்டுவிடுவதும் அதைத்தான்: நோயில்லாத சாதாரணச் செல். சீயக்காய் ஊறின தண்ணீரை ஹீலாமேல் ஊற்றினாலும் செல் செத்துப்போகும். சீயக்காயின் நுரை செல்லின் சவ்வையே பிய்த்துவிடும். பக்கத்தில் நல்ல செல்லை வைத்திருந்தால் அதுவும் செத்திருக்கும். சீயக்காயைப் புற்றுநோய் மருந்து என்று யாரும் சொல்லாததற்குக் காரணம் அதன் வீரியம் குறைவு என்பதில்லை. அதற்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது.

நஞ்சறுப்பானுக்கும் அதே வினை வந்தது. ஆஸ்திரேலியாவில் வளர்கிற இதன் பங்காளிக் கொடியிலிருந்து 1962இல் டைலோகிரெப்ரின் என்ற மூலக்கூறு கிடைத்தது. டைலோஃபோரினுக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம், ஒரு மூலையில் ஒட்டியிருக்கிற சிறு கொத்து மட்டும் இடம் மாறியிருக்கும். எலிகளின் ரத்தப் புற்றுக்கு எதிராக அது நன்றாக வேலை செய்தது. 1966இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளுக்கு நடை தள்ளாடியது, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பியது. சோதனையை நிறுத்திவிட்டார்கள். செல் புரதம் செய்வதையே இந்த மூலக்கூறுகள் தடுக்கின்றன. புரதம் செய்யாத செல் நம் உடம்பில் எங்கே இருக்கிறது? கண்ணாடித் தட்டுக்கு மூளை கிடையாது, அதனால் அது தள்ளாடிக் காட்டவில்லை.

டெல்லியில் டாக்டர் சிவ்புரி என்பவர் நஞ்சறுப்பான் இலையை ஆஸ்துமாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாளைக்கு ஒரு இலை, ஆறு நாள் மென்று தின்ன வேண்டும். சிலருக்கு மூச்சு லேசானது. கூடவே வாய்ப்புண், குமட்டல், உப்புச் சுவை தெரியாமல் போவது. ஊத்துக்கோட்டை ஆயா சொன்னதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோற்றது திரும்பி வந்த கதையும் கோவிந்தாச்சாரியின் பக்கத்திலேயே இருக்கிறது. 1966இல் அமெரிக்காவில் மன்றோ வால், மன்சுக் வாணி இருவரும் ஒரு சீன மரத்திலிருந்து கேம்டோதெசின் என்ற மூலக்கூறை எடுத்தார்கள். வாணி மகாராஷ்டிரத்துக்காரர். அதற்குள் பம்பாய்க்குப் போய் சிபா ஆய்வு மையத்தில் இருந்த கோவிந்தாச்சாரி, அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றில் தாராளமாக இருப்பதைச் சக ஆய்வாளர் விஸ்வநாதனோடு சேர்ந்து 1972இல் தெரிவித்தார். அந்தச் சமயத்தில் மனிதச் சோதனையில் அது நோயாளிகளின் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி ஓரங்கட்டப்பட்டது. மூலக்கூறில் இங்கே ஒரு கை, அங்கே ஒரு கால் மாற்றி டோபோடெகான், இரினோடெகான் என்று இரண்டு மருந்துகள் அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்றன. முப்பது வருஷம். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ஆறு மாசம்.

இவளுக்கு நான் அதிகம் சொன்ன கதை நித்தியகல்யாணியுடையது. ஊரில் சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்குகிற செடி. 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஒரு கவரில் கொஞ்சம் இலை போனது, சர்க்கரை நோய்க்குக் குடிக்கிற கஷாயம் என்ற குறிப்போடு. அங்கே ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றியபோது எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. சாறு கிருமியை வளர்த்துவிட்டதா என்றால் இல்லை. எலிகளின் வெள்ளை அணுக்கள் விழுந்துபோயிருந்தன, கிருமியைத் தடுக்க ஆளில்லை. வெள்ளை அணுவை அடக்குகிற சாறு ரத்தப் புற்றையும் அடக்காதா என்று யோசித்த இடத்தில்தான் வின்பிளாஸ்டின் பிறந்தது, பின்னாலேயே வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் வின்கிரிஸ்டின் கொடுக்கிறார்கள். ஒரு கிராம் மருந்துக்குக் காய்ந்த இலை நூற்றுக்கணக்கான கிலோ தேவைப்படுகிறது. அந்தச் செடி தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரிசலில் பயிராகி ஏற்றுமதியாகிறது.

"எலி செத்ததும் அவர் தூக்கிப் போடலையாக்கா?"

"ஏன் செத்துதுன்னு பாத்தாரு."

அவள் மறுபடி ஆரம்பித்தாள். ஆயா காட்டிய கொடி, பூவோடு அழுத்திய கிளை, வாசனை போகும்வரை ஆவியாக்கிய பிசின், நன்றாக நீர்த்த டிஎம்எஸ்ஓ. புற்றுச் செல் சோதனை இந்தப் பருவத்தில் வேண்டாம் என்று அவளே விட்டுவிட்டாள். முதல் தட்டுப் படம் பார்க்க நன்றாக இருக்கிறதே, அதையே போட்டுவிடலாமே என்று யாரோ சொன்னார்களாம். யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பங்குனி கடைசியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குப் படம் வந்தது. தட்டின் நடுவில் ஒரு குழி, பக்கத்தில் மார்க்கரில் 'வெ' என்று எழுதியிருந்தாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாக்டீரியா குழியின் விளிம்புவரை நெருக்கியடித்து வளர்ந்திருந்தது, ஊசி போக இடமில்லை. அப்புறம்தான் சாறு ஊற்றிய குழிகளைப் பார்த்தேன். ஸ்டஃபிலோகாக்கஸ் தட்டில் எட்டு மில்லிமீட்டர். குழியே ஆறு. ஈ.கோலை தட்டில் ஒன்றுமில்லை.

"எட்டுதான்க்கா" என்று கீழே எழுதியிருந்தாள்.

"எட்டுன்னே எழுது. ஈ.கோலைக்கு ஒண்ணுமில்லன்னும் எழுது."

கொஞ்ச நேரம் பதிலில்லை. அப்புறம் ஒரு கேள்வி வந்தது: "அக்கா, உங்க துளசிய மறுபடி பண்ணிப் பாக்கலாமா?"